கரண்ட் போனால் ஏறும் தண்ணீர்

சுரங்கப் பாதுகாப்பு வார மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று இரண்டு இளம் என்ஜினியர்கள் என் வீடு தேடி வந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: ‘அஞ்சாமல் உழைத்த ஆண்டுகள்’. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தம்பி, ஆள் மாறி வந்துட்டீங்க. நான் சர்வீஸ் பூரா பயந்துகினே வேல செஞ்சவன்” என்றேன்.

பெரியவர் தன்னடக்கமாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் தன் போனைத் திறந்து காட்டினார். சுரங்கத்தைச் சுற்றியுள்ள அளவுக் குழாய்களில் தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது பச்சைப் பச்சை எண்ணாக அதில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் யாரும் டேப்பைக் கையால் இறக்குவதில்லையாம். எல்லாம் கைக்குள்ளேயே வந்துவிடுகிறது. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“கரண்ட் போனா இது காட்டுமா?”

“பேட்டரி இருக்கு சார். காட்டும்.”

“அப்ப சரி” என்றேன். பிறகு, பயத்தைப் பற்றி வேண்டுமானால் எழுதித் தருகிறேன், பிடித்தால் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பின் மரநிழலைப் பார்த்துவிட்டு இது செழிப்பான சீமை என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது. குவார்ட்டர்ஸ் எல்லையைத் தாண்டினால் எங்கள் பக்கமெல்லாம் மேட்டு நிலம். மேலே செம்மண், கீழே செம்பூராங்கல். பெய்கிற மழை நிற்காமல் ஓடிவிடும். முந்திரி தண்ணீர் கேட்காது, அதனால் முந்திரி இருக்கிறது. நெல் கேட்கும், அதனால் நெல் இல்லை. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்பதற்கு முன்னால் அவர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் உண்டா என்று கேட்ட ஊர்கள் இவை. என் அப்பா அடுத்தவர் கொல்லையில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக் கூலி வாங்கியவர். கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் வைத்திருந்த கலியமூர்த்திக்கு என் அக்காவைக் கொடுத்தபோது, ‘கெணத்து வூட்ல பொண்ணு குடுத்திருக்கேன்’ என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்தக் காய்ந்த மேட்டுக்கு அடியில் கரி. கரிக்கு அடியில் மணல். அந்த மணல் முழுக்கத் தண்ணீர். அது சும்மா தேங்கிக் கிடக்கும் தண்ணீர் இல்லை. மேலே உள்ள அத்தனை மண்ணும் கரியும் அழுத்த, அமுங்கிக் கிடக்கும் தண்ணீர். கரியை வெட்ட வெட்ட மேலே பாரம் குறையும். பாரம் குறைந்தால் கீழே இருப்பது இட்லிப் பானை மூடியைத் தள்ளுவது போலச் சுரங்கத் தரையைத் தள்ளும். அப்படித் தள்ளாமல் இருக்கத்தான் சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, ஓயாமல் பம்பு ஓட்டித் தண்ணீரை இறக்கி வைக்கிறார்கள். இறைத்த தண்ணீர் வாய்க்கால் வழியாகச் சேத்தியாத்தோப்புப் பக்கம் போய் அங்கே நெல்லாக விளைகிறது. மேட்டில் இருக்கும் எங்கள் கலியமூர்த்தி மாமாவின் ஊருக்கு அது ஏறி வராது.

“ஒங்க தண்ணிக்குப் பள்ளத்துக்காரன்தான் சொந்தக்காரன். மேட்டுக்காரன ஏறெடுத்தும் பாக்காது” என்று மாமா என்னைச் சீண்டுவார். சுரங்கத் தண்ணீர் என்றாலே அவருக்கு அது ‘ஒங்க தண்ணி’தான். நான் என்னவோ அதை வீட்டில் குடத்தில் பிடித்து வைத்திருப்பது போல.

ஐ.டி.ஐ. படித்தேன், அப்ரன்டிஸாக நுழைந்தேன், கான்ட்ராக்டில் அலைந்தேன், ஒருவழியாகப் பெர்மனென்ட் ஆனேன். இதையெல்லாம் விரித்து எழுத ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டம் பார்க்கும் பிரிவில் போட்டார்கள். முதல் முறை சுரங்கத்தின் அடிவரைக்கும் இறங்கிக் கருப்புத் தரையில் கால் வைத்தபோது, கால் கூசியது. நான் நிற்பது தரையில்லை, மூடி என்று தெரிந்த பிறகு எப்படிக் கூசாமல் இருக்கும்?

எங்கள் என்ஜினியர் ஹபீப் சார். பரங்கிப்பேட்டைக்காரர். ஒல்லியான மனிதர், குரல் அதைவிட ஒல்லி. அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. எல்லாம் நல்லபடியாக ஓடும்போது, “யோவ் ராமலிங்கம், எங்கய்யா போய்த் தொலைஞ்ச?” என்று கத்துவார். நிலைமை கெட்டால் மரியாதை கூடிவிடும். “சிரமத்துக்கு மன்னிக்கணும், இப்படிக் கொஞ்சம் வர முடியுமா?” என்று அவர் கேட்டால் எங்கள் ஆட்கள் மேலே ஏறும் வழியைத் தேடுவார்கள். அவர் திட்டாத நாளெல்லாம் நாங்கள் சாமி கும்பிட்ட நாள்.

மட்டம் பார்க்கும் முறையை அவர்தான் கைபிடிக்காத குறையாகப் பழக்கினார். இரும்பு டேப்பின் நுனியைத் துடைத்து, அதில் சாக்பீஸைத் தேய்க்க வேண்டும். குழாய்க்குள் மெதுவாக இறக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டிருக்கும் என்று தோன்றியதும் இன்னும் கொஞ்சம் விட்டு, மேலே குறித்துக்கொண்டு, இழுக்க வேண்டும். சாக்பீஸ் எதுவரை நனைந்து கருத்திருக்கிறதோ அதுதான் மட்டம். பிறகு நுனியைத் துடைத்து மறுபடி சாக்பீஸ் தேய்த்து மறுபடி இறக்க வேண்டும். முதல் தடவை பார்த்தது கண்ணின் ஆசை, இரண்டாம் தடவை பார்ப்பதுதான் தண்ணீர் என்பார். டேப் நீளமாக இறங்கினால் தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது, கீழே வேலை செய்கிறவர்களுக்குப் பயமில்லை. டேப் சீக்கிரம் நனைந்துவிட்டால் கதை வேறு. ஆக, டேப் நீள நீள எனக்கு உயிர் வரும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போன புதிதில் ஒருநாள் அவர் என்னைச் சுரங்கத் தரையில் கூப்பிட்டார். “ராமலிங்கம், தயவுசெஞ்சு இங்க வந்து உக்காந்து பாருங்க.” மரியாதை! கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சோறு கொதிப்பது போல மெல்லிய கொதி. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

“தெளிவா வருதா, கலங்கி வருதா?” என்றார்.

“தெளிவா சார்.”

“தெளிவா வந்தா பேசிப் பாக்கலாம். மணலக் கரைச்சி கலங்கி வர ஆரம்பிச்சா பேச்சே கெடையாது. உள்ள குடைஞ்சிகிட்டு வருதுன்னு அர்த்தம். போட்டது போட்டபடி கெளம்பிடணும்.”

அன்று அது தெளிவாகவே இருந்தது. மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, பக்கத்துப் பம்புகளைக் கூட்டி ஓட்டினார்கள். கொதி அடங்கியது. சார் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு, “யோவ், வாயப் பொளந்துகிட்டு நிக்காத, டேப்ப எடு” என்றார். அந்த ‘யோவ்’ காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இனி மாமாவின் கிணற்றைச் சொல்ல வேண்டும். அகலமான திறந்த கிணறு. பாதிவரை கல்படி, அதற்குக் கீழே இரும்பு ஏணி. தண்ணீர் இறங்க இறங்க அந்த ஊரில் எல்லோரும் செய்ததையே அவரும் செய்தார்: கிணற்றின் அடியிலிருந்து கீழே இன்னும் ஆழமாகப் போர் போட்டார். காய்ந்த கிணற்றின் அடியில் சிமென்ட் மேடை கட்டி, அதன்மேல் மோட்டாரை உட்கார வைத்தார். அப்படி நாலைந்து கிணறுகள் அந்த ஊரில் இருந்தன. மோட்டார் இருக்கும் இடம் ஈரம், ஒயரோ பழசு. கரண்ட் அடித்துக் கிணற்றுக்குள்ளேயே செத்த ஒருவரைக் கட்டிலில் கட்டித் தூக்கியதை அந்த ஊர் பார்த்திருக்கிறது. அதிலிருந்து அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு. கிணற்றில் என்ன வேலை இருந்தாலும் கரண்ட் இல்லாத நேரத்தில்தான் இறங்க வேண்டும். கரண்ட் போனால் போதும், ஸ்பானரோடு ஆட்கள் கிணற்றுப் பக்கம் நடப்பார்கள்.

புத்தியுள்ள வழக்கம். எந்த ஊருக்கும் பொருந்தும். ஊரில் கரண்ட் போகும்போதும் சுரங்கத்துப் பம்புகளுக்குப் போகாது என்பதால் மாமாவின் ஊருக்கும் அத்தனை வருடம் பொருந்தியிருந்தது. இரண்டும் ஒன்றாகப் போகும் ஒரு நாள் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நானே நினைக்கவில்லை.

அந்தப் புயல் வந்தது. முந்திரித் தோப்பெல்லாம் வேரைக் காட்டிக்கொண்டு படுத்தது. பலா மரங்கள் இடுப்பில் முறிந்தன. மின்கம்பிகள் வரிசையாக விழுந்ததில் ஊருக்கும் கரண்ட் இல்லை, பெரும்பாலான பம்புகளுக்கும் இல்லை. ஜெனரேட்டரில் சில பம்புகள் ஓடின. சுரங்கத்தின் அடியில் இருந்த ஆட்களை எல்லாம் காற்று வலுக்கும் முன்பே மேலே ஏற்றிவிட்டிருந்தார்கள். காற்று ஓய்ந்த காலையில் ஹபீப் சார், டிரைவர், நான் மூவரும் ஜீப்பில் குழாய் குழாயாகப் போய் மட்டம் பார்க்க ஆரம்பித்தோம்.

முதல் குழாயில் டேப்பை இழுத்தபோதே சாக்பீஸ் நனைந்திருந்த இடம் என்னைப் பார்த்து முறைத்தது. துடைத்துத் தேய்த்து மறுபடி இறக்கினேன். அதே இடம் இல்லை, அதற்கும் மேலே.

“ஏறுது சார்.”

“ம். சிரமம் பாக்காம இன்னொரு தடவ பாத்துடலாங்களா?” என்றார்.

சுரங்க ஓரத்தில் கடைசிக் குழாய் மாமாவின் ஊருக்குப் போகும் வழியில் இருந்தது. அங்கேயும் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. விழுந்து கிடந்த முந்திரித் தோப்புக்கு அந்தப் பக்கம் ஊர்க் கூரைகள் தெரிந்தன. முன்பு மரங்கள் மறைத்துக்கொண்டிருந்த ஊர் அன்று பட்டவர்த்தனமாகக் கிடந்தது. அதைப் பார்த்தபடியே டேப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கை நின்றுவிட்டது.

ஊரில் கரண்ட் இல்லை. புயலில் கிணற்றுக்குள் மட்டையும் கிளையும் விழுந்திருக்கும். இந்த நேரம் மாமா எங்கே இருப்பார்?

“சார், எங்க மாமா ஊர்ல கெணத்துக்குள்ளயே போர் போட்டிருக்காங்க சார். கரண்ட் இல்லன்னா எறங்கிடுவாங்க சார்” என்றேன்.

அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே ஏறுகிற தண்ணீர் அங்கே அந்தப் போர்க்குழாய் வழியாகவும் ஏறும். குழாயைச் சுற்றியுள்ள மண்ணையும் தள்ளும். அவர் என் தோளில் கை வைத்தார். “தம்பி, நீங்க தோப்பு வழியா குறுக்க ஓடுங்க. நாங்க ரோட்டச் சுத்தி வந்து மத்த கெணத்துக்காரங்கள ஏத்திடறோம். தயவுசெஞ்சு வேகமாப் போங்க.” அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்குமேல் பயப்பட என்னிடம் இடமில்லை.

விழுந்த மரங்களின் மேல் ஏறி, அடியில் நுழைந்து, சட்டை கிழிந்து ஓடினேன். மரம் ஒவ்வொன்றும் வேண்டுமென்றே காலை நீட்டிப் படுத்திருப்பது போல இருந்தது. ‘அக்கா தாலிய நீதாம்மா காப்பாத்தணும்’ என்று எந்தச் சாமியிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

கிணற்றடியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

“டேய், தண்ணி வந்துகினு இருக்குதுடா! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!”

எட்டிப் பார்த்தேன். மாமா கிணற்றின் அடியில் முழங்கால் தண்ணீரில் நின்று, மோட்டாரின் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

“மாமா, மேல வாங்க! ஒடனே ஏறுங்க!”

“இருடா மச்சான். மோட்டாரு முங்கிடும். ரெண்டு போல்ட்டுதான்” என்றவர் குழாயடியில் பொங்கிய தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். “இன்னா ருசி தெரியுமா? இத்தினி வருசம் எங்கதான் பூந்துகினு இருந்துச்சோ!”

“மாமா, அது சுரங்கத்துப் பம்பு நின்னதால வர தண்ணி. ஆபத்து. வாங்க மாமா!”

“ஒங்க சொரங்கத்துக்கு ஆபத்துன்னா எனுக்கு இன்னாடா? எங்க கெணத்துக்கு இதான்டா நல்ல காலம்.”

நான் கல்படியில் இறங்கினேன். படி முடிந்த இடத்தில், ஏணியில் கால் வைக்க என் உடம்பு சம்மதிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். குழாயைச் சுற்றித் தண்ணீர் கண்ணாடியாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு சிவப்பு இழை ஓடியது. பிறகு இன்னொன்று. பிறகு தண்ணீரே சிவந்தது.

கலங்கி வருகிறது.

இனி அவரோடு வாதாடிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. மோட்டார் அவருக்கு உசுரு. அதைவிடப் பெரிய உசுரு ஒன்றுதான் அவருக்கு இருந்தது. மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு அலறினேன்.

“மாமா! அக்கா விழுந்துட்டா மாமா! பேச்சு மூச்சில்ல!”

ஸ்பானர் தண்ணீரில் விழுந்தது. அந்த மனிதர் ஏணியில் ஏறினார் என்று சொல்ல முடியாது, பறந்தார். என்னைத் தள்ளிவிட்டுக்கொண்டு கல்படியில் பாய்ந்தார். நானும் பின்னால் தவழ்ந்து ஏறினேன். மேலே அக்கா, குத்துக்கல்லாக நின்று எங்களைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தாள்.

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “த்தூ, இதுல வெளாட்டாடா ஒனுக்கு?” என்று கையை ஓங்கினார்.

கீழே சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. சேற்றில் சிக்கிய மாடு காலைப் பிடுங்குகிற சத்தம், ஆனால் பெரிதாக. ஓங்கிய கை அப்படியே நிற்க, மாமா திரும்பிப் பார்த்தார். சிமென்ட் மேடை ஒரு பக்கம் சாய்ந்து, மோட்டாரையும் ஏணியின் காலையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனது. அவர் நின்றிருந்த இடத்தில் செந்நீர் சுழன்றுகொண்டிருந்தது. மாமா மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அக்கா அவர் பின்னங்கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சற்று நேரத்தில் ரோட்டுப் பக்கம் ஜீப் ஹாரன் விடாமல் அடிப்பது கேட்டது. மற்றக் கிணறுகளில் இருந்தவர்களையும் ஏற்றிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹபீப் சார் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “யோவ், சட்டையெல்லாம் கிழிச்சிகிட்டு வந்திருக்க” என்றார். நான் குழந்தை மாதிரி அழுதுவிட்டேன். அழுது முடிக்கும்வரை தோளில் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, குழாய்களை மறுபடி சுற்றித் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, என்னை அக்கா வீட்டிலேயே விட்டுப் போனார்.

கதை அங்கே முடிந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் உறுத்தியிருக்காது.

கிணற்றில் தண்ணீர் ஏறி, கல்படியைத் தொட்டது. கரண்ட் இல்லாததால் ஊர்த் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குடிக்கவும் இல்லை, மாட்டுக்கும் இல்லை. கலங்கல் ஓரளவு தெளிந்ததும் தெருவே குடமும் கயிறுமாக வந்துவிட்டது. அந்தக் கிணற்றில் கயிறு போட்டு இறைத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கிழவிகள் சிரித்தார்கள், பொம்பளைகள் குலவை இட்டார்கள். மாமாவும் எழுந்து வந்து கயிற்றைப் பிடித்தார். நானும் பிடித்தேன்.

பிற்பகலில் தூரத்தில் ஒரு முனகல் ஆரம்பித்தது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. பம்புகள் மறுபடி ஓடுகின்றன. கம்பிகளை இணைத்துவிட்டார்கள். எனக்கு நெஞ்சிலிருந்து பெரிய கல் இறங்கியது. சுரங்கம் பிழைத்தது, என் கூட்டாளிகள் மறுபடி பயமில்லாமல் இறங்கலாம்.

அடுத்த குடத்தை இறக்கினேன். கயிறு கொஞ்சம் கூடுதலாக ஓடியது. அதற்கடுத்த குடத்துக்கு இன்னும் கூடுதலாக. என் கைக்கு அது நன்றாகப் பழகிய கணக்கு. வாழ்நாள் முழுக்க, நீளுகிற டேப்பைப் பார்த்து நிம்மதிப்பட்ட கை இது. அன்று என் கையில் கயிறு நீள நீள, எதிரே வெறும் குடத்தோடு நின்ற அக்காவின் முகத்தில் சிரிப்பு இறங்கிக்கொண்டே போனது.

“இன்னும் எட்டுதாடா?” என்றாள்.

“எட்டுதுக்கா” என்றேன்.

கயிறு தீர்ந்த இடத்தில் குடம் சேற்றில் இடித்தது. மாமா என் கையிலிருந்து கயிற்றை வாங்கிச் சுருட்டி வைத்தார். “தப்பிச்சுதா ஒங்க சொரங்கம்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஹபீப் சார் இப்போது இல்லை. மாமாவின் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது, வராத நாளில் லாரி வருகிறது. அந்தக் கிணற்றில் யாரும் மோட்டார் வைக்கவில்லை. ஆனால் என் உடம்பிலிருந்து பயம் மட்டும் ரிடையர் ஆகவில்லை. மதியத் தூக்கத்தில் மின்விசிறி நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் மற்றவர்கள் விசிறி தேடுவார்கள். நான் போனைத் தேடுவேன்.

போன வாரமும் அப்படித்தான். கட்டுரை கேட்டு வந்த தம்பிகள் கிளம்பிப் போன சற்று நேரத்தில் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் கரண்ட் போனால் பம்பு நின்றதாக அர்த்தமில்லை என்று புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. மாமாவுக்குப் போன் போட்டேன்.

“மாமா, எங்க இருக்கீங்க? கெணத்துல கிணத்துல எறங்கலியே?”

“இன்னும் எத்தினி வருசத்துக்குடா இதயே கேப்ப? நான் ஏன்டா எறங்கப் போறேன்?” என்று சிரித்தார். அவர் குரல் கிணற்றுச் சுவரில் பட்டுத் திரும்பி வருவது எனக்கு நன்றாகக் கேட்டது.

“எறங்கலடா மச்சான். இங்கயும் கரண்ட் இல்ல, சும்மா எட்டிப் பாத்துகினு நிக்கிறேன்.”